எங்கள் பாட்டிமாருக்குப் பெயர் இல்லையா?

பினாங்குத் தீவின் கெலுகோரில் தாமான் பிரவுன் இருக்கிறது. டத்தோ கிராமாட் பக்கம் போனால் பாடாங் பிரவுன். ஜார்ஜ் டவுனில் பிரவுன் சாலை. 1800ஆம் ஆண்டு வாக்கில் ஸ்காட்லாந்திலிருந்து கப்பலேறி வந்து, இந்தத் தீவிலேயே பெரிய நிலக்காரராகி, 1825ல் செத்துப்போன டேவிட் பிரவுனின் பெயர் இத்தனை இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கெலுகோர் எஸ்டேட் அவருடையது. ஜாதிக்காயும் கிராம்பும் மிளகும் விளைந்த மண். அவருக்குப் பின் பிள்ளைகள் ஆண்டார்கள், பேரப்பிள்ளைகள் ஆண்டார்கள். யார் யாருக்குப் பிறந்தார், யாருக்கு எவ்வளவு நிலம் போனது எல்லாம் ஏட்டில் இருக்கிறது. தேடினால் கிடைக்கும்.

அந்த ஜாதிக்காயைக் குனிந்து பொறுக்கியவள் பெயர் என்ன? அவளுக்கு எத்தனை பிள்ளை? அவளை எங்கே புதைத்தார்கள்? சொல்லுங்கள் பார்ப்போம். பினாங்கில் பிறந்து வளர்ந்து தலை நரைத்த எனக்கே தெரியவில்லை. என் வயிறு எரிகிறது.

புவா பாலா என்றால் மலாயில் ஜாதிக்காய். புக்கிட் கெலுகோரில் கம்போங் புவா பாலா என்று ஒரு தமிழ்க் கிராமம் இருந்தது. மாடும் ஆடும் வளர்த்து, பால் கறந்து விற்று, மா நிழலிலும் தென்னை நிழலிலும் வாழ்ந்த சனங்கள். இருபது சொச்சம் வீடுகள். மாட்டுப் பொங்கல் என்றால் ஊரே அங்கே போகும். நாங்கள் பிரவுன் தோட்டத்தில் வேலை செய்தவர்களின் வம்சம், எங்களுக்காகத்தான் பிரவுன் குடும்பத்து அம்மாள் இந்த நிலத்தை அரசாங்கத்தின் பொறுப்பில் விட்டுப் போனார் என்று அவர்கள் சொன்னார்கள். அந்த நிலம் அரசு ஊழியர்களின் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்குக் கைமாறியது. அங்கிருந்து அடுக்குமாடி கட்டுகிறவர்களிடம் போனது. வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை ஏறி, 2009ல் அங்கேயும் தோற்றது. அந்த வருடம் செப்டம்பரில் மண்வாரி இயந்திரம் வந்து வீடுகளை இடித்தது. முன்னே ஆண்ட கட்சி பின்னே வந்த கட்சியைக் கை காட்டியது. பின்னே வந்த கட்சி முன்னே ஆண்ட கட்சியைக் கை காட்டியது. நடுவில் எங்கள் சனங்கள் சாமி படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றார்கள். கையெழுத்துப் போட்டவர்களுக்கு இரட்டை மாடி வரிசை வீடு கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் மாட்டை எங்கே கட்டுவது? ஆறு தலைமுறை நட்ட மரத்தை எந்த மாடியில் வைப்பது?

அவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது ஒன்றுதான். பத்திரம் எங்கே?

பத்திரமா? யாரிடம் கேட்கிறீர்கள்? பத்திரம் வைத்துக்கொள்ளும் உரிமை யாருக்கு இருந்தது, பத்திரத்தில் பொருளாக எழுதப்படும் விதி யாருக்கு இருந்தது என்று இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறீர்கள்?

பிரான்சிஸ் லைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1786 ஆகஸ்ட் 11ல் இந்தத் தீவில் கொடியேற்றிய மனிதர். பினாங்கின் தந்தை என்று பாடத்தில் படித்தோம். அவருக்கும் மார்த்தினா ரோசெல்ஸுக்கும் மகனும் மகளுமாய்ப் பல பிள்ளைகள். தேவாலயத்தில் மோதிரம் மாற்றிய கல்யாணம் இல்லை. ஆனாலும் ஏறத்தாழ இருபது வருடம் ஒரே கூரை. 1794 அக்டோபரில் மலேரியாவில் சாகும்போது லைட் மரண சாசனம் எழுதினார். தோட்டத்தையும் வீட்டையும் கால்நடையையும் தட்டுமுட்டையும் மார்த்தினாவுக்கு எழுதிய அதே சாசனத்தில் அடிமைகளையும் எழுதினார். ஆமாம், அடிமைகள். சுமத்திராவிலிருந்து கொண்டுவரப்பட்ட பத்தாக் சனங்கள் அவர்களில் உண்டு. மாடு யாருக்கு, மனிதர் யாருக்கு என்று ஒரே மையில் எழுதினார் இந்த ஊரின் தந்தை.

மார்த்தினாவுக்கும் அது நிலைக்கவில்லை என்பது வேறு கதை. எழுதி வைத்த சொத்தில் பெரும்பகுதியை அவரால் காப்பாற்ற முடியவில்லை. அந்த அம்மாள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். கோட்டை கார்ன்வாலிஸில் லைட்டுக்குச் சிலை எழுப்பினார்கள். அவருடைய முகம் எப்படியிருக்கும் என்று காட்ட ஒரு படமும் கிடைக்காமல், மகன் வில்லியம் லைட்டின் முகச்சாயலை வைத்துச் செய்தார்கள் என்று சொல்வார்கள். வில்லியம் யார்? மார்த்தினா பெற்ற பிள்ளை. ஆறு வயதில் தாயிடமிருந்து பிரித்து இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளை. பின்னாளில் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்தை வரைந்தவர். ஆக வெள்ளைக்காரத் தந்தை என்று நாம் அண்ணாந்து பார்க்கும் அந்த வெண்கலத்தில் இந்தக் கரையில் வாழ்ந்த ஒரு தாயின் ஜாடை இருக்கிறது. முகம் தெரியாத எஜமானுக்கு முகம் தேடிக் கொடுத்தார்கள். அவர் வீட்டில் விறகு உடைத்தவனுக்கும் நீர் சுமந்தவளுக்கும் ஒரு வரி கல்வெட்டு இல்லை.

அந்தக் கோட்டைக்குப் பெயர் கொடுத்த கார்ன்வாலிஸ் பிரபு யார் தெரியுமா? 1781ல் அமெரிக்காவில் யார்க்டவுனில் ஜார்ஜ் வாஷிங்டனிடம் தோற்றுச் சரணடைந்தவர். அங்கே தோற்றவரைத்தான் 1786ல் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக அனுப்பினார்கள். யார்க்டவுனில் பிரிட்டிஷ் படையோடு போனால் விடுதலை கிடைக்கும் என்று நம்பி ஓடிவந்த கறுப்பு மக்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அம்மை நோய் கண்டவர்களைக் கார்ன்வாலிஸின் ஆட்கள் முகாமிலிருந்து விரட்டிவிட்டார்கள். வென்ற வாஷிங்டன் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, தன் பண்ணையிலிருந்து தப்பியவர்களைத் தேடிப் பிடித்துத் திரும்பக் கொண்டுபோனது. சுதந்திரப் போரில் வென்ற கையோடு! தோற்றவனும் ஜெயித்தவனும் ஒருவரை ஒருவர் வணங்கிக்கொண்டார்கள். நடுவில் கிடந்தவள் கையில் மறுபடி கயிறு.

அந்த நாட்டுத் தலைவர்களின் வீட்டுக்குள்ளே கொஞ்சம் எட்டிப் பாருங்கள், நம் வீட்டுக் கதையும் புரியும். வாஷிங்டனின் மனைவி மார்த்தாவுக்குப் பணிவிடை செய்த ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண், பேத்தியின் கல்யாணப் பரிசாகத் தன்னைக் கொடுக்கப் போகிறார்கள் என்று அறிந்து 1796ல் பிலடெல்பியாவில் ஜனாதிபதி மாளிகையிலிருந்து ஓடிப்போனாள். அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் வெளியேறினாள். ஜனாதிபதி அவளைத் தேட ஆள் அனுப்பினார். 1799ல் அவர் சாகும்போது மவுண்ட் வெர்னான் பண்ணையில் 317 அடிமைகள். தமக்குச் சொந்தமான 123 பேருக்கு மட்டும் சாசனத்தில் விடுதலை எழுதினார். மார்த்தாவின் முதல் புருஷன் வீட்டுச் சொத்தாக வந்தவர்களை அவரால் விடுவிக்க முடியாது என்றது சட்டம். ஆனால் இவர்களும் அவர்களும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு பிள்ளை பெற்றிருந்தார்களே! புருஷனுக்கு விடுதலை, பெண்டாட்டிக்கு இல்லை. 1802ல் மார்த்தா இறந்ததும் மீதிப் பேரை நான்கு பேரப்பிள்ளைகளுக்குப் பங்கு போட்டார்கள். ஒரு குடும்பத்துக்குச் சொத்து சேர்ந்த நாளில் எத்தனை குடும்பம் சிதறியது?

தாமஸ் ஜெபர்சனைப் பற்றிச் சொல்ல என் வாய் கூசுகிறது. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதிய கை அது. வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட மனிதர்களைச் சொந்தமாக வைத்திருந்த கையும் அதுதான். செத்துப்போன மனைவியின் தகப்பனுக்கு அடிமைப் பெண்ணிடம் பிறந்தவள் சாலி ஹெமிங்ஸ். அதாவது மனைவிக்குத் தங்கை முறை. அந்தப் பெண்ணுக்கு ஜெபர்சனால் பிள்ளைகள் பிறந்து, நால்வர் பிழைத்தார்கள். 1998ல் மரபணுச் சோதனை வந்தபின்தான் பலர் வாயை மூடினார்கள். வர்ஜீனியாவில் 1662லேயே சட்டம் எழுதி வைத்திருந்தார்கள், தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்று. தகப்பன் நாட்டையே ஆளட்டும், பிள்ளை கணக்கேட்டில்தான். ஜெபர்சன் இறந்த சில மாதத்தில், 1827 ஜனவரியில், கடனை அடைக்க அவருடைய மாண்டிசெல்லோ பண்ணையில் 130 பேரை ஏலம் விட்டார்கள்.

இதெல்லாம் எங்கோ அட்லாண்டிக் கரையில் நடந்தது என்று நினைக்கவேண்டாம். மலபாரில் அஞ்சரக்கண்டியில் 1797ல் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கிய இலவங்கப்பட்டைத் தோட்டத்தை நடத்தியவரும் ஒரு பிரவுன்தான், மர்டோக் பிரவுன். திருவிதாங்கூரிலிருந்து கடத்திவரப்பட்ட குழந்தைகள் அந்தத் தோட்டத்தில் வேலை செய்ததைத் தலச்சேரி நீதிபதி பேபர் 1811 வாக்கில் கண்டுபிடித்து மீட்டார். தஞ்சைச் சீமையில் நம் மிராசுதார்களும் இதையே செய்தார்கள். பறையரையும் பள்ளரையும் நிலத்தோடு சேர்த்து எழுதினார்கள், விற்றார்கள், ஒத்திக்கு வைத்தார்கள். வெள்ளைக்காரனை மட்டும் வைதுவிட்டு நம் பெரிய வீட்டுத் திண்ணைகளை நான் விட்டுவிடப் போவதில்லை. என் பாட்டனைக் கப்பலேற்றியது பசி மட்டுமா? கதவைச் சாத்திய கை தமிழ்க் கைதான்.

1833ல் பிரிட்டன் அடிமை முறையை ஒழித்ததாகப் பெருமை பேசுகிறார்கள். அந்தச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலங்களுக்கு அது செல்லாது என்று அதிலேயே விலக்கு எழுதியிருக்கிறது. அப்போது பினாங்கு கம்பெனி நிலம். அடிமைகளை இழந்த முதலாளிகளுக்கு நஷ்ட ஈடு 2 கோடி பவுன். உழைத்தவனுக்கு ஒரு செப்புக்காசு இல்லை. அப்படிப் பணம் வாங்கியவர்களில் ஒருவர் ஜான் கிளாட்ஸ்டன். பின்னாளில் நான்கு முறை பிரிட்டிஷ் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் தகப்பனார். கயானாவில் தன் கரும்புத் தோட்டத்துக்கு அடிமைக்குப் பதில் ஆள் வேண்டும் என்று 1836ல் கல்கத்தாவுக்குக் கடிதம் போட்டார். இந்தியக் கூலியைக் கடல் கடத்தும் பெரிய வியாபாரத்துக்கு வழி திறந்த கடிதங்களில் அது ஒன்று.

அந்த வியாபாரம் எங்கள் வாசலுக்கும் வந்தது. செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு நாகப்பட்டினத்திலிருந்து ஒப்பந்தத்தில் கட்டுண்ட சஞ்சிக்கூலிகள் வந்தார்கள். கெலுகோர்க் கரையில் நின்று பார்த்தால், இன்று பினாங்குப் பாலம் போகிற கடலில், ஜெரஜாக் தீவு தெரியும். வந்த சனங்களை நோய் இருக்கிறதா என்று அங்கேதான் இறக்கி அடைத்து வைத்தார்கள். என் பாட்டியின் தாயார் அந்தத் தீவில் இறங்கி வந்தவள். அவள் எந்த ஊர், அவளைப் பெற்றவர் யார் என்று பாட்டிக்குச் சொல்லத் தெரியவில்லை. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் புத்தகத்தில் நம்பர் இருந்ததாம். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நம்பரைக் கூப்பிட்டால் கை தூக்கவேண்டும். பிள்ளையை ஆயாக் கொட்டகையில் போட்டுவிட்டு வெளிக்காட்டுக்குப் போகவேண்டும். மார் கட்டி வலித்தாலும் மணி அடிக்கும் வரை திரும்பக்கூடாது. சஞ்சி முறை 1910ல் ஒழிந்தது. ஒழிந்த பிறகும் ஆள் பிடிக்கும் கங்காணி இருந்தான். குடியிருந்த லயம் அதே லயம்.

1941ல் கிள்ளான் தோட்டங்களில் வேலை நிறுத்தம் நடந்தது. ஆர். எச். நாதன் முன்னின்று நடத்தினார். தொழிலாளர் என்ன கேட்டார்கள் என்று பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண்ணீர் வரும். கூலியை உயர்த்து என்றார்கள், சரி. கள்ளுக்கடையை மூடு என்றார்கள். துரைமார் எங்கள் பெண்டுகளைத் தொந்தரவு செய்வதை நிறுத்து என்றார்கள். சொந்தக்காரர் எங்களை வந்து பார்க்க அனுமதி கொடு என்றார்கள். துரைக்கு முன்னால் சைக்கிளில் ஏறி மிதிக்க விடு என்றார்கள். 1941ல், ஒரு மனிதன் தன் மனைவியைக் காப்பாற்றவும் அண்ணன் தம்பியை வீட்டுக்கு அழைக்கவும் வேலை நிறுத்தம் செய்யவேண்டியிருந்தது! பதில் துப்பாக்கியால் வந்தது. தொழிலாளர்கள் சுடப்பட்டுச் செத்தார்கள். நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள்.

சுதந்திரம் வந்தது. வந்தபின்னும் எங்கள் குடும்பத்தை வெட்டினார்கள். 1968ல் குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று சட்டம் வந்தது. சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் தோட்டம் தோட்டமாகக் கலங்கினார்கள். ஏறக்குறைய 60,000 பேர் இந்தியாவுக்குப் போனார்கள். பாட்டியின் தம்பிக்கு அட்டை சிவப்பு, அவர் மனைவிக்கு நீலம். அவர் ரஜூலா கப்பலில் ஏறினார். மனைவியும் பிள்ளைகளும் பினாங்குத் துறையில் நின்றார்கள். அதன்பின் அந்தப் பிள்ளைகள் அப்பாவைப் பார்க்கவே இல்லை. இங்கே பிறந்து, இங்கே மங்கு கழுவி, இங்கே பால் வெட்டிய மனிதன்! ஒரு தாளின் நிறம் ஒரு வீட்டைப் பிளந்தது. மவுண்ட் வெர்னானில் புருஷனை ஒரு பக்கமும் பெண்டாட்டியை மறுபக்கமும் நிறுத்திய சட்டத்துக்கும் இதற்கும் எத்தனை தூரம், நீங்களே அளந்து சொல்லுங்கள். சஞ்சிக்கூலியும் அடிமையும் ஒன்றல்ல என்று படித்தவர்கள் திருத்துவார்கள். தெரியும் ஐயா. எங்களை ஏலம் விடவில்லை. எங்கள் குழந்தை பிறக்கும்போதே துரையின் சொத்தாகவில்லை. அந்த வேறுபாட்டை மதிக்கிறேன். ஆனால் எஜமானின் குடும்பம் சட்டத்துக்குக் குடும்பமாகத் தெரிந்தது, எங்கள் குடும்பம் ஆள் கணக்காகத் தெரிந்தது. அது மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்.

அதனால்தான் புவா பாலா இடிந்தபோது எனக்கு இடிந்தது வெறும் வீடுகளாகத் தெரியவில்லை. பிரவுன் வம்சம் உயில் எழுதியது, பதிவு செய்தது, கல்லறையில் பெயர் வெட்டியது. அவர்கள் தோட்டத்தில் பாடுபட்ட வம்சத்திடம் இருந்தது வாய்ச்சொல். வாய்ச்சொல்லை நீதிமன்றம் நிறுக்காது. இருநூறு வருடம் எழுத்தை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, கடைசியில் எழுத்தைக் காட்டு என்று கேட்டது எந்த ஊர் நியாயம்?

அமெரிக்காவில் எல்லாம் தீர்ந்துவிட்டதென்று சொல்லவில்லை. ஆனால் மவுண்ட் வெர்னானில் இன்று அடிமைகள் புதைக்கப்பட்ட இடத்தில் 1983ல் எழுப்பிய நினைவுக்கல் நிற்கிறது. மாண்டிசெல்லோவுக்குப் போகிறவருக்குச் சாலி ஹெமிங்ஸின் கதையைச் சொல்கிறார்கள். அங்கே வேலை செய்தவர்களின் வம்சத்தாரைத் தேடிப் போய்ப் பேட்டி கண்டு சேர்க்கிறார்கள். சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்தபோது அடிமைகளைக் கப்பலேற்றிய எலிஹு யேலின் பெயரைச் சுமக்கும் யேல் பல்கலைக்கழகம், அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புக்காக 2024ல் மன்னிப்புக் கேட்டது. பினாங்கு என்ன செய்தது? யுனெஸ்கோ பட்டயத்தை 2008ல் வாங்கி மாட்டிக்கொண்டோம். லைட்டின் தோட்டத்தில் எழுந்த சஃபோக் மாளிகையைப் புதுப்பித்து விருந்து வைத்தோம். அந்த மண்ணை முதலில் வெட்டித் திருத்திய அடிமையின் பெயரை அந்த விருந்தில் யாராவது உச்சரித்தார்களா?

நான் கேட்பது பெரிதல்ல. லைட் சிலையை உடைக்கச் சொல்லவில்லை. அவர் சாசனத்தில் மனிதர்களும் எழுதப்பட்டார்கள் என்று அந்தச் சிலையடியில் நான்கு மொழியில் பொறியுங்கள். புக்கிட் கெலுகோரில் ஒரு தமிழ்க் கிராமம் இருந்தது, இந்த ஆண்டில் இடிக்கப்பட்டது என்று அந்த இடத்தில் ஒரு பலகை நடுங்கள். ஜெரஜாக் தீவில் இறங்கியவர்கள், அங்கேயே செத்தவர்கள் பெயர் எந்த ஏட்டில் இருந்தாலும் வெளியே எடுத்துப் பொதுமக்கள் பார்க்க வையுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு லைட்டின் பெயரைச் சொல்லித்தரும் அன்றே இதையும் சொல்லித்தாருங்கள். மாநில அரசுக்கு இது முடியாத செலவா?

நம் சனங்களுக்கும் ஒன்று. உங்கள் வீட்டில் இன்னும் ஒரு கிழவி உயிரோடு இருந்தால் இன்றே பக்கத்தில் உட்காருங்கள். அவள் அம்மா பெயர், அம்மாவின் அம்மா பெயர், எந்தத் தோட்டம், எந்த லயம், எந்தக் கப்பல் என்று கேட்டு நோட்டில் எழுதித் தேதி போடுங்கள். பெட்டியடியில் கிடக்கும் பழைய கப்பல் சீட்டையும் சிவப்பு அட்டையையும் சம்பளத் துண்டையும் குப்பையில் போடாதீர்கள், நகல் எடுத்து நாலு பிள்ளைகளிடம் கொடுத்து வையுங்கள். பத்திரம் எங்கே என்று மறுபடியும் வந்து கேட்பார்கள். அன்று நீட்டுவதற்கு நம் கையில் தாள் இருக்கவேண்டும்.